அம்மா ஏன் எப்பவும் செருப்பைப் பாத்துக்கறாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

 

போன ரெண்டு எபிசோடும் லே-ஆஃப், நோட்டீஸ் பீரியட்னு பேசி எல்லாரையும் பயமுறுத்திட்டேன்னு மெசேஜ் வந்துட்டே இருக்கு. அதனால இந்த வாரம் வேலை, அப்ரைசல், ஏஐ எதுவும் கிடையாது. தண்ணில விளையாடுறதைப் பத்திப் பேசப்போறோம். ஜாலியான எபிசோட்தான். நடுவுல நான் பண்ணின ஒரு தப்பு வரும், அதையும் சொல்லிடறேன்.

முதல்ல ஒரு சின்ன வேலை. உங்க வீட்டு பழைய ஆல்பத்தையோ கூகுள் போட்டோஸையோ மனசுல ஓட்டிப் பாருங்க. பீச், அருவி, அணைக்கட்டு, எங்கயாவது குடும்பமா போன போட்டோ. தண்ணில யாரு இருக்கா? நீங்க இருப்பீங்க, தம்பி தங்கச்சி இருப்பாங்க, அப்பா முட்டிக்கால் வரைக்கும் பேன்ட்டை மடிச்சுவிட்டு நிப்பார். அம்மா எங்க?

எங்க வீட்டு மெரினா போட்டோல அம்மா இல்லவே இல்லை. ஏன்னா அம்மா மணல்ல, எங்க செருப்பு, பை, மாத்துத் துணி, தண்ணி பாட்டில், அப்பாவோட வாட்ச், பர்ஸ் எல்லாத்துக்கும் நடுவுல உக்காந்திருப்பாங்க. நாங்க அம்பத்தூர்லருந்து ரெண்டு பஸ் மாறி பீச்சுக்குப் போவோம். போய் இறங்கினதும் நானும் அக்காவும் அலையைப் பாத்து ஓடுவோம். திரும்பி வரும்போது அம்மா அதே இடத்துல இருப்பாங்க. கூட்டத்துல எங்க செருப்பைக் கண்டுபிடிக்க அடையாளமே அம்மாதான். "நீ வரலையா?"ன்னு ஒரு தடவைகூட நான் கேட்டதா ஞாபகம் இல்லை. நேர்மையா சொல்றேன், அப்படி ஒரு கேள்வி இருக்குன்னே எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தண்ணி பிடிக்காதுன்னு நானா ஒரு முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

அந்த முடிவு தப்புன்னு எனக்குத் தெரிஞ்ச இடம் சிகாகோ. 2022 ஜூலை.

அக்கா நேப்பர்வில்ல இருக்கா. சிகாகோவுக்கு மேற்கே இருக்கிற ஊர், நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஏரியா. அம்மா அப்பா 2020-லயே போயிருக்க வேண்டியது, டிக்கெட்கூடப் போட்டாச்சு. கொரோனாவுல அது போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு மூணு பேரும் சேர்ந்து போனோம். அக்கா பொண்ணுக்கு அப்போ அஞ்சு வயசு. அதுவரைக்கும் அவளுக்குப் பாட்டி தாத்தான்னா வீடியோ கால்ல தெரியுற ரெண்டு நெத்தி. ஏன்னா ரெண்டு பேரும் போனை எப்பவும் கீழ இருந்துதான் பிடிப்பாங்க.

ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். அங்க ரேடியோவுல 'ஹீட் அட்வைசரி'ன்னு சொல்லிட்டு இருந்தாங்க, அப்பா வெளியில நின்னு கையை நீட்டிப் பாத்துட்டு, "இது நம்மூர் மார்ச் மாசம்"னு சொல்லிட்டார். மாமாவுக்கு அன்னைக்கு வேலை. அக்கா, நான், அம்மா, அப்பா, குட்டி, அஞ்சு பேரும் மெட்ரா ரயில் பிடிச்சு யூனியன் ஸ்டேஷன்ல இறங்கி, ஆடம்ஸ் தெரு வழியா கிழக்கே நடந்தோம். ஒரு மைல் இருக்கும். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்க்ல காபி, ஒரு பெட்ஷீட். அம்மா காட்டன் புடவை, கால்ல அக்கா வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ. அமெரிக்காவுக்கு வந்த எல்லாத் தமிழ் அம்மாக்களுக்கும் அதுதான் யூனிஃபார்ம்னு நினைக்கிறேன்.

மிச்சிகன் அவென்யூ வந்து இடது பக்கம் கொஞ்சம் நடந்தா மில்லேனியம் பார்க். எல்லாரும் போட்டோல பாத்திருப்பீங்க, வெள்ளி நிறத்துல பெரிய அவரைக்கொட்டை மாதிரி ஒண்ணு இருக்குமே, 'பீன்'னு சொல்வாங்களே, அனீஷ் கபூர் பண்ணினது, அது இருக்கிற பார்க்தான். நாங்க அதுக்குப் போகலை. அதே பார்க்ல ரோட்டோரமா க்ரவுன் ஃபவுன்டன்னு ஒண்ணு இருக்கு. குட்டிக்கு அது மட்டும்தான் வேணும்.

எப்படி இருக்கும்னு சொல்றேன். கறுப்பு கிரானைட்ல நீளமான ஒரு தளம். 232 அடி நீளம், 48 அடி அகலம். அதோட ரெண்டு முனையிலயும் கண்ணாடிக் கட்டி அடுக்கிக் கட்டின ரெண்டு கோபுரம், ஒவ்வொண்ணும் 50 அடி. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துட்டு நிக்கும். கண்ணாடிக்குப் பின்னாடி எல்.இ.டி. திரை. அதுல ஒரு மனுஷ முகம். கோபுரம் முழுக்க ஒரே முகம். கண்ணை ரொம்ப மெதுவா சிமிட்டும், லேசா சிரிக்கும். மேல இருந்து தண்ணி கண்ணாடி மேல வழிஞ்சுட்டே இருக்கும். சில நிமிஷம் கழிச்சு அந்த முகம் உதட்டைக் குவிக்கும். சரியா அந்த வாய் இருக்கிற இடத்துல நிஜமாவே ஒரு குழாய் இருக்கு. அதுலருந்து தண்ணி பீய்ச்சிக்கிட்டு வரும், கீழ நிக்கிற பசங்க தலைமேல விழும். அந்தக் கணம் ஒரு கூச்சல் வரும் பாருங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குக்கூடக் கேக்கும்.

தளத்துல தண்ணி தேங்கி நிக்காது. மெல்லிசா ஒரு படலம் மாதிரிதான் இருக்கும், கணுக்கால்கூட முழுகாது. டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது, வேலி கிடையாது. ஷர்ட் போட்டுட்டு வந்தவன், ஸ்விம் சூட் போட்டவன், ஆஃபீஸ் ஐடி கார்டைக் கழுத்துல மாட்டிட்டு பேன்ட்டை மடிச்சுவிட்டவன், முக்காடு போட்ட அம்மாக்கள், எல்லாரும் அந்த ஒரே கறுப்புத் தளத்துல நடந்துட்டு இருக்காங்க.

நம்மூர்ப் பார்க்குல ஃபவுன்டன்னா சுத்திக் கம்பி, ஒரு போர்டு, உள்ள பாசி. பாதி நேரம் மோட்டார் ஓடாது. அதைப் பாத்து வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

அப்பாவுக்கு வேற மாதிரி அதிர்ச்சி. கோபம்னே சொல்லலாம்.

அப்பாவைப் பத்தி ரெண்டு வரி. அம்பத்தூர்ல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருந்தார், முப்பது வருஷம். போர்வெல் சப்மெர்சிபிள், வீட்டு மோட்டார், எல்லாம் அவர் கைக்கு வரும். சென்னையில 2019 வெயில் காலம் ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் காஞ்சு போச்சு. ஜூலைல ஜோலார்பேட்டைலருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. முதல் ரயில்ல 50 டேங்கர், 25 லட்சம் லிட்டர். நான் அப்போதான் ஓ.எம்.ஆர்.ல வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தண்ணி இல்லை, வீட்லருந்தே வேலை பாருங்கன்னு கம்பெனிகள் சொல்லிட்டு இருந்த நேரம். வொர்க் ஃப்ரம் ஹோம்னு நான் முதல்ல கேட்டது கொரோனாவால இல்லை, தண்ணியால.

அந்த வருஷம் அப்பாவுக்கு நல்ல வியாபாரம். தண்ணி இறங்க இறங்க மோட்டார் வறட்டு ஓட்டம் ஓடி எரியும். எரிஞ்சா அப்பாகிட்ட வரும். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் காயில் கட்டினார். அதே நேரத்துல எங்க வீட்டு போரும் காஞ்சு, விடிகாலை நாலு மணிக்கு லாரிக்கு அம்மா குடத்தோட நிப்பாங்க. "அந்த மூணு மாசத்துல வந்த காசை எண்ணும்போது கை கூசுச்சுடா"ன்னு அப்பா ஒரே ஒரு தடவை எங்கிட்ட சொல்லியிருக்கார்.

அந்த மனுஷன் இங்க வந்து நிக்கிறார். 50 அடி உசரத்துலருந்து தண்ணி சும்மா வழியுது. ஒரு முகம் வேற காறித் துப்புது.

"எவ்வளவு தண்ணியை வீணாக்குறானுங்க பாரு" ன்னார். சத்தமா.

நான் எஞ்சினியர் ஆச்சே. வாய் சும்மா இருக்குமா? "அப்பா, இது வீணாகலை. இந்த மாதிரி ஃபவுன்டன்லாம் ரீசர்க்குலேட்டிங். கீழ தொட்டி இருக்கும். விழுற தண்ணி தொட்டிக்குப் போய், வடிகட்டி, குளோரின் போட்டு, பம்ப் வழியா திரும்ப மேல வரும். அதே தண்ணிதான் சுத்திட்டே இருக்கு"ன்னு விளக்கினேன்.

அப்பா முகம் தெளிஞ்சுது. அவர் ஏரியா அது. எத்தனை ஹெச்.பி. மோட்டார் இருக்கும், ஹெட் 50 அடின்னா எவ்வளவு பிரஷர் வேணும்னு தனக்குத்தானே கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார். தரையில காதை வைக்காத குறை, மோட்டார் ரூம் எந்தப் பக்கம்னு சத்தத்தை வச்சுத் தேடிட்டு நடந்தார்.

ஆனா அந்த விளக்கம் அம்மா காதுலயும் விழுந்துடுச்சு. அம்மா பெட்ஷீட்டை விரிச்சுட்டு இருந்தவங்க நிமிர்ந்து, "அப்போ இவ்வளவு பேர் மேலயும் பட்ட தண்ணிதான் திரும்ப வருதா?"ன்னு கேட்டாங்க.

ஆமா. அதேதான்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தறேன், குழந்தை இருக்கிறவங்க நிறைய பேர் இதைக் கேக்கறீங்க. அம்மா கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. இப்போ நம்மூர் அபார்ட்மென்ட்லயும் மால்லயும் 'ஸ்பிளாஷ் பேட்' வர ஆரம்பிச்சிருக்கு. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி உண்டு, வயித்துப்போக்கு வரவைக்கும். மத்த பல கிருமிகள் குளோரின்ல சீக்கிரம் செத்துடும், ஆனா இது வழக்கமான குளோரின் அளவுல ஏழு நாளுக்கு மேலகூடத் தாங்கும். 1997-ல மின்னசோட்டாவுல ஒரு மிருகக்காட்சி சாலை ஃபவுன்டன்ல விளையாடின 369 பேருக்கு இதனால உடம்பு முடியாமப் போச்சு, பெரும்பாலும் குழந்தைங்க. அமெரிக்காவோட சி.டி.சி. 1997-லருந்து 2022 வரைக்கும் கணக்கெடுத்தப்போ, ஸ்பிளாஷ் பேட் மூலமா நோய் பரவின சம்பவங்கள் 60, பாதிக்கப்பட்டவங்க 10,000-க்கு மேல. யாரும் சாகலை. சுத்தம் பண்றவங்க அதனாலதான் குளோரினோட நிறுத்தாம புற ஊதா ஒளி மாதிரி இன்னொரு கட்டமும் வைக்கணும்னு சொல்றாங்க. நம்ம பக்கத்துல செய்ய வேண்டியது சிம்பிள். குழந்தைக்கு வயிறு சரியில்லைன்னா அன்னைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. டயப்பரை அடிக்கடி பாருங்க. தண்ணியை வாயில வாங்க விடாதீங்க.

கடைசி விஷயம் சொல்றது சுலபம். எங்க குட்டி போனதும் பண்ணின முதல் காரியம், அந்த வாய்க்கு நேர் கீழ நின்னு, தலையைத் தூக்கி, தன்னோட வாயை முடிஞ்ச அளவுக்குத் திறந்ததுதான். அக்கா போட்ட சத்தத்துல பக்கத்துல இருந்த நாலு குழந்தைங்க வாயை மூடிடுச்சு. அதுங்களுக்குத் தமிழ் தெரியாது.

சரி, கதைக்கு வருவோம். நானும் அக்காவும் குட்டியும் உள்ள போயாச்சு. அப்பா மோட்டார் ரூம் தேடிட்டு இருக்கார். அம்மா ஓரத்துல, பெட்ஷீட் மேல, எங்க ஷூவையெல்லாம் ஜோடி ஜோடியா அடுக்கி வச்சுட்டு, பையை மடியில வச்சுட்டு உக்காந்திருக்காங்க. மெரினா அப்படியே சிகாகோவுக்கு வந்துடுச்சு. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல பறந்து வந்து, அங்கயும் செருப்புக் காவல்.

இதை நான் கவனிச்சேன்னு சொன்னா பெருமையா இருக்கும். நான் கவனிக்கலை. குட்டிதான் கேட்டா. "பாட்டி ஏன் வரலை? பாட்டி இஸ் சேட்?"

அக்கா, "பாட்டிக்குத் தண்ணி பிடிக்காது"ன்னு சொன்னா. பாருங்க, நான் வச்சிருந்த அதே முடிவு அவகிட்டயும் இருக்கு. யாரு எங்களுக்குச் சொன்னாங்கன்னு தெரியலை.

குட்டி விடலை. நனைஞ்ச கையோட போய் அம்மா கையைப் பிடிச்சு இழுத்தா. நான் பின்னாடியே போனேன், புடவை நனைஞ்சுடும்னு தடுக்கத்தான் போனேன். அப்போ அம்மா அந்த முகத்தையே பாத்துட்டு இருந்தாங்க. வயசான ஒரு ஆள் முகம். உதடு குவிஞ்சுது, தண்ணி வந்துச்சு, கீழ பசங்க கத்தினாங்க.

அம்மா சொன்னாங்க, "இது பம்புசெட்டுதான்டா. வாயை மட்டும் வரைஞ்சு வச்சிருக்கான்."

நான் சிரிச்சேன். ஆனா அது ஜோக் இல்லை. அம்மா ஊர் திண்டிவனம் பக்கம். தாத்தாவோட கொல்லையில கிணறும் பம்புசெட்டும் இருந்துச்சு. மோட்டார் போட்டதும் குழாய் முதல்ல காத்தா இருமும், அப்புறம் தண்ணி தொப்புன்னு வந்து தொட்டியில விழும். அந்தத் தண்ணி வர்ற நேரத்துக்குச் சரியாப் போய்த் தலையைக் கொடுக்கணும், அதுதான் விளையாட்டு. அம்மா, சித்தி, பக்கத்துக் கொல்லைப் பசங்க எல்லாம். அதைச் சொல்லிட்டு, ரொம்ப சாதாரணமா, "கிணத்துல குதிக்கிறதுல நான்தான் முதல்ல குதிப்பேன். மோட்டார் ரூம் மேலருந்து" ன்னாங்க.

எனக்குப் புரியலை. "உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாமலா குதிப்பாங்க? தாத்தா இடுப்புல சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டார். ஒரே வாரம்."

எனக்கு இருபத்தஞ்சு வயசு அப்போ. எங்க அம்மாவுக்கு நீச்சல் தெரியும்ங்கிறது அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியாது. நான் பன்னிரண்டாயிரம் ரூபா கட்டி நீச்சல் கத்துக்கிட்டு, ஒரு லேங்த் முடிச்சதுக்கு இன்ஸ்டால ஸ்டோரி போட்டவன்.

"அப்புறம் ஏன் விட்ட?"

"பெரிய மனுஷி ஆனப்புறம் யாரு கிணத்துப் பக்கம் விடுவா? ஈரத்துணியோட வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க." அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை. பதின்மூணு வயசுல நின்னது. அப்போ அம்மாவுக்கு ஐம்பத்திநாலு.

நான் காலேஜ் படிக்கும்போது சென்னைக்கு வெளியில ஒரு வாட்டர் தீம் பார்க் போனோம். தண்ணில இறங்கணும்னா நைலான் டிரஸ் வேணும், புடவை, காட்டன் சுடிதாருக்கு அனுமதி இல்லை. துணி நூல் ஃபில்டர்ல அடைச்சுக்கும்னு காரணம் சொல்வாங்க, அது நியாயமான காரணம்தான். வாடகைக்குக் கொடுத்த டிரஸ்ஸை அம்மா கையில வாங்கிப் பாத்துட்டு, மடிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டு, நிழல்ல போய் உக்காந்துட்டாங்க. முழு டிக்கெட் வாங்கியிருந்தோம். "காசு வேஸ்ட்"னு நான் முகத்தைத் தூக்கி வச்சுட்டு இருந்தேன். அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்துச்சு.

"பையை நான் பாத்துக்கறேன். நீ போ"ன்னு சொன்னேன்.

"புடவை."

"இங்க யாரும் கேக்க மாட்டாங்க."

அம்மா சுத்திப் பாத்தாங்க. தெரிஞ்ச முகம் யாராவது இருக்காங்களான்னு தேடுறாங்க. சிகாகோல! அப்புறம் அப்பா எங்கன்னு பாத்தாங்க. அவர் அந்தக் கோடியில கோபுரத்தைத் தட்டிப் பாத்துட்டு இருந்தார். அம்மா ஷூவைக் கழட்டி, சாக்ஸை உள்ள திணிச்சு, வரிசையில அஞ்சாவது ஜோடியா வைக்க இடம் தேடி, கடைசில என் கையில கொடுத்தாங்க. முந்தானையை எடுத்து இடுப்புல சொருகினாங்க. நான் அந்தச் சொருகலைக் கவனிச்சேன். வீடு கழுவும்போது சொருகுற மாதிரி இல்லை, இறுக்கமா, வேற எதுக்கோ தயாராகுற மாதிரி.

(இல்லை, நாலாவது ஜோடி. அப்பாவோடது அவர் கால்லயே இருந்துச்சு. அம்மா இதைக் கேட்டா திருத்துவாங்க.)

முதல்ல ஓரத்துல நடந்தாங்க. குட்டி இழுத்துட்டே போறா. கோபுரத்துகிட்ட போய் நின்னாங்க. புது முகம் வந்துச்சு, சின்னப் பையன். அது கண் சிமிட்டுது, சிமிட்டுது, ஒண்ணும் நடக்கலை. பசங்க பொறுமை இல்லாம நகர்ந்துட்டாங்க. அம்மா நகரலை. அந்த உதட்டையே பாத்துட்டு இருந்தாங்க. உதடு குவியுறதுக்கு ஒரு நொடி முன்னாடி குட்டியைத் தன் பக்கம் இழுத்து, தலையைக் குனிஞ்சு, முதுகைக் கொடுத்தாங்க. தண்ணி சரியா முதுகுல விழுந்துச்சு. பம்புசெட் டைமிங் நாற்பது வருஷமா அப்படியே இருக்கு.

அவங்க சிரிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அந்தக் கூச்சல்ல அதை மட்டும் தனியாக் கேட்டேன்.

அப்பா திரும்பிப் பாத்தார். ஏதாவது சொல்வாரோன்னு ஒரு நிமிஷம் பயந்தேன். அவர் நடந்து வந்து, நனையாத தூரத்துல நின்னு, கையைக் கட்டிக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம் நில்லு, அங்கதான் ஃபுல் ஃபோர்ஸ்" ன்னார். அவ்வளவுதான்.

இது வரைக்கும் நல்ல கதை. இங்கயே முடிச்சிருந்தா எனக்கும் நல்லா இருந்திருக்கும்.

நான் வீடியோ எடுத்தேன். இருபது செகண்ட். தண்ணி முதுகுல விழுறது, அம்மா சிரிக்கிறது, நனைஞ்ச புடவை. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அந்த உணர்ச்சி வேகத்துல ஃபேமிலி குரூப்ல போட்டுட்டேன். அப்பா பக்கத்து சொந்தம் எல்லாம் இருக்கிற குரூப், நாற்பத்திச் சொச்சம் பேர். 'அம்மா ராக்ஸ்'னு கேப்ஷன் வேற.

ரயில்ல திரும்பி வரும்போது அம்மா போனை எடுத்துப் பாத்தாங்க. நிறைய ஹார்ட் வந்திருந்துச்சு. அத்தை ஒருத்தங்க 'சூப்பர் அண்ணி'ன்னு போட்டிருந்தாங்க. நடுவுல ஒரு பெரியவர், "அமெரிக்கா போனதும் வயசு திரும்பிடுச்சு போல, புடவையைச் சரி பண்ணச் சொல்லுப்பா"ன்னு ஒரு சிரிக்கிற எமோஜியோட. அதுக்கு நாலு பேர் சிரிச்சிருந்தாங்க.

அம்மா எதுவும் சொல்லலை. சேலையில ஈரம் இன்னும் காயலை, ஏ.சி. ரயில் வேற. அக்காவோட துண்டை எடுத்துத் தோளைச் சுத்திப் போத்திக்கிட்டாங்க.

நான் உடனே 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' தேடினேன். வரலை. அப்போ வாட்ஸ்அப்ல அதுக்கு ஒரு மணி நேரம் சொச்சம்தான் டைம் லிமிட், நான் போட்டு மூணு மணி நேரம் ஆச்சு. அடுத்த மாசம், ஆகஸ்ட் 2022-ல, அதை ரெண்டு நாளுக்கு மேல நீட்டினாங்க. ரிலீஸ் நோட்ஸைப் பாத்துட்டு ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் இவ்வளவு கடுப்பாகி நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இருந்தாலும் என்ன, அதுக்குள்ள ரெண்டு பேர் ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தாங்க.

"சாரிம்மா"ன்னேன்.

அம்மா ஜன்னலைப் பாத்துக்கிட்டே, "பாத்துக்கறேன்னு சொல்லிட்டுத்தானே உக்காந்த"ன்னு சொன்னாங்க. கோபமா இல்லை. அதான் கஷ்டம்.

எனக்கு அது வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஓடிட்டே இருந்துச்சு. நான் காவல்னா செருப்பு, பை, போன், பாஸ்போர்ட்னு நினைச்சுட்டு இருந்தேன். கூட்டத்துல தெரிஞ்ச முகம் இருக்கான்னு அம்மா தேடினாங்களே, இல்லைன்னு உறுதியானதும்தானே இறங்கினாங்க. அந்த நாற்பது பேரையும் நான்தான் கூட்டிட்டு வந்து அங்க நிறுத்தினேன்.

ராத்திரி தூக்கம் வராம அந்த ஃபவுன்டனைப் பத்திப் படிச்சேன். (பிரச்சனைன்னா விக்கிபீடியா படிக்கிறது என் வியாதி.) பண்ணினவர் ஜவ்மே ப்ளென்சா, பார்சலோனாக்காரர். 2004 ஜூலைல திறந்தாங்க. செலவு 1.7 கோடி டாலர், அதுல 1 கோடி டாலர் க்ரவுன் குடும்பம் கொடுத்தது, பேர் அதனாலதான். ஐரோப்பாவுல பழைய தேவாலயக் கூரைகள்ல பூத முகங்கள் வாய் வழியா மழைத்தண்ணியைக் கொட்டும், அந்த மரபுலருந்து எடுத்த யோசனை. பூதத்துக்குப் பதிலா ஊர்க்காரங்க முகம். சுமார் ஆயிரம் சிகாகோவாசிகள், அவங்களா விரும்பி வந்து கேமரா முன்னாடி உக்காந்தவங்க. அங்க இருக்கிற கலைக் கல்லூரி மாணவர்கள் படம் பிடிச்சாங்க. நான் பாத்த ஒவ்வொரு முகமும் சம்மதம் சொன்ன முகம்.

இன்னொண்ணும் படிச்சேன். 2006-ல அந்தக் கோபுரங்களோட உச்சியில கண்காணிப்பு கேமரா வச்சாங்க. ஊர்ல எதிர்ப்பு வந்துச்சு. கொஞ்ச நாள்ல கேமராவை எடுத்துட்டாங்க. பாதுகாப்புன்னு சொல்லி வச்சதையே வேணாம்னு சொன்ன ஊர் அது. நான் பாசம்னு சொல்லி வச்சேன்.

ஒரு ஊர் எதுக்கு இவ்வளவு காசு போட்டுத் தண்ணி விளையாட்டு கட்டணும்னு அப்பா மறுநாள் காலைல கேட்டார். கலை, டூரிசம்னு ஏதோ சொன்னேன். ஆனா சிகாகோவுக்கு வெயில் ஒரு விளையாட்டு விஷயம் இல்லை. 1995 ஜூலைல ஒரு வெப்ப அலையில அங்க 700 பேருக்கு மேல செத்தாங்க. பெரும்பாலும் வயசானவங்க, தனியா இருந்தவங்க, ஏ.சி. இல்லாதவங்க. பல பேர் பூட்டின ரூமுக்குள்ள செத்துக் கிடந்தாங்க. எரிக் க்ளைனன்பெர்க்னு ஒரு சமூகவியலாளர் இதைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார். அந்த வாரம் ஏழைகள் இருந்த தெருக்கள்ல ஜனங்க தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டுக் குளிச்சாங்க, அதனால சில இடங்கள்ல தண்ணி பிரஷரே போச்சு. வெயில்ல போய் உடம்பை நனைச்சுக்க ஒரு பொது இடம் வேணும், காசு கேக்காத இடம், எந்த டிரஸ்னு கேக்காத இடம். சென்னைக்கு அது இல்லைன்னா சொல்றீங்க? கடல் இருக்கு, ஆனா அதுல ஒவ்வொரு வருஷமும் ஆள் போறாங்க, போலீஸ் இறங்காதேன்னு துரத்துறாங்க, அவங்க சொல்றதும் சரி. அப்போ கணுக்கால் ஆழத்துல ஒரு தளம், கீழ ஒரு தொட்டி, ஒழுங்கா ஓடுற ஒரு ஃபில்டர். அப்பாகிட்ட கேட்டா அவரே எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பார். பராமரிப்புக்குத்தான் ஆள் வேணும்னும் அவரே சொல்வார்.

அம்மா அந்த விடுமுறையில திரும்ப ஃபவுன்டனுக்கு வரலை. குட்டி ரெண்டு தடவை கூப்பிட்டா. முட்டி வலின்னு சொல்லிட்டாங்க. முட்டி வலி நிஜம்தான், ஆனா அன்னைக்கும் இருந்துச்சு.

இந்த எபிசோடைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி அம்மாகிட்ட கேட்டேன். மூணு வருஷம் லேட்டா, ஆனா கேட்டேன். முழுசா எழுதி வச்சதைப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு ரெண்டு கண்டிஷன் போட்டாங்க. எபிசோட் கவர்ல போட்டோ கூடாது. அந்த கமென்ட் போட்டவர் யாருன்னு சொல்லக்கூடாது, "அவருக்கும் பேரன் பேத்தி இருக்கு." அப்புறம் ஒரு திருத்தம். மோட்டார் ரூம் மேலருந்து குதிச்சது சித்தியாம். அம்மா குதிச்சது அதைவிட உசரத்துலருந்து, கிணத்து மேட்டுல இருந்த பூவரச மரத்துக் கிளையிலருந்து. அதை ஏன் அன்னைக்குச் சொல்லலைன்னு கேட்டேன். "நீ அப்பவே வாயைப் பொளந்துட்டு நின்ன" ன்னாங்க.

இந்த மே மாசம் அக்கா வர்றா. குட்டிக்கு இப்போ எட்டு வயசு, நீச்சல் கிளாஸ் போறா. திண்டிவனத்துல தாத்தா கிணறு தூர்ந்து போச்சு, ஆனா பக்கத்துக் கொல்லையில பம்புசெட் ஓடுதாம். சித்தி போன் பண்ணி விசாரிச்சு வச்சிருக்காங்க. கரன்ட் எத்தனை மணிக்கு வரும்ங்கிறது மட்டும் இன்னும் தெரியலை. செருப்பு, பை, போன் எல்லாம் எங்கிட்ட. போன் ஆஃப் பண்ணி.

அடுத்த வாரம் பார்க்கலாம்.